முக்கோணத்தில் மிக்ஸி எங்கே?

சமையலறையின் அகலம் 12 அடிக்குக் குறைவு என்றால் ஐலண்ட் ஆசையை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். நல்ல மரமேசை ஒன்று வாங்கி நடுவில் போட்டுக்கொள்ளலாம், செலவும் மிச்சம். மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள் 10 அடி அறையிலும் ஐலண்ட் வரைந்து காட்டுவார்கள். கம்ப்யூட்டர் படத்தில் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். அந்தப் படத்தில் யாரும் குனிந்து கீழ் டிராயரில் குக்கர் வெயிட்டைத் தேடுவதில்லை. அதே நேரம் பார்த்து, சோறு வடிக்கக் கொதிக்கிற பாத்திரத்தோடு இன்னொருவர் பின்னால் வந்து நிற்பதும் இல்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் நாங்கள் கட்டும் வீடு இப்போது லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. எங்கே ஃபேன், எங்கே விளக்கு, தரைக்கடியில் எந்தப் பைப் எப்படிப் போகிறது என்று மேஸ்திரி தினமும் கேட்கிறார். அந்தக் கேள்விகளில் முக்கால்வாசி அடுப்படியில்தான் வந்து முட்டுகின்றன. காரணம், அறையின் நடுவில் நான் கேட்கும் அந்த மேடை. சுவரை ஒட்டிய மேடையென்றால் பைப்பையும் வயரையும் சுவரைக் கொத்தி எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். நடுவில் நிற்கிற மேடைக்கு எல்லாமே தரைக்கடியிலிருந்தோ கூரையிலிருந்தோதான் வந்தாக வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ இங்கே செல்லாது.

முதலில் அகலக் கணக்கு. வரைபடத்தில் எங்கள் அடுப்படி 12க்கு 14. கிழக்கு மேற்கில் 12 அடி, வடக்கு தெற்கில் 14. பன்னிரண்டு அடி என்றால் 144 இன்ச் என்று சந்தோஷப்பட வேண்டாம். வரைபடத்தில் இருப்பது செங்கல்லுக்குச் செங்கல் அளவு. பூச்சும் டைல்ஸும் பக்கத்துக்கு ஒரு இன்ச் எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது 142. கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்பு மேடை, 24 இன்ச். அதற்கும் ஐலண்டுக்கும் நடுவே நடக்க 42. ஐலண்டின் அகலம் 30. அதைத் தாண்டி மேற்குப் பக்கம் நடக்க 36. கூட்டினால் 132. மீதி 10 இன்ச். அந்த 10 இன்ச் ஆழத்தில் மேற்குச் சுவர் நெடுக மளிகை அலமாரி.

“பத்து இன்ச்ல என்ன வைக்க முடியும்?” என்றார் என் கணவர். ஒரு வரிசை டப்பா வைக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை வைக்க முடியாது, அதுதான் அதன் சிறப்பே. இரண்டடி ஆழ அலமாரியின் பின்வரிசையில் கடலைமாவு இருப்பதே தெரியாமல் இன்னொரு பாக்கெட் வாங்கி, பழையதை வண்டு வந்த பிறகு கண்டெடுக்காத வீடு உண்டா?

நடைபாதை அளவுக்கு வருகிறேன். அமெரிக்காவில் சமையலறை, குளியலறை வடிவமைப்பவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது. ஒருவர் சமைக்கிற இடத்தில் 42 இன்ச், ஒன்றுக்கு மேற்பட்டவர் புழங்கினால் 48 இன்ச் என்பது அவர்களுடைய வழிகாட்டு அளவு. அவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், நம் கணக்கிலும் அதேதான் வருகிறது. டிராயரை முழுதாக இழுத்தால் ஏறக்குறைய 20 இன்ச் வெளியே வரும். அதன் முன்னால் ஓர் ஆள் குனிந்து நிற்க இன்னொரு 20. ஆக 40. பாதை 36 என்றால் டிராயருக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, உடம்பைத் திருகித்தான் பாத்திரத்தை எடுக்க வேண்டும். எங்களுக்கு 48 விட இடமில்லை, 42க்குக் கீழே இறங்கவும் மனமில்லை. மேற்குப் பக்கம் 36 போதும் என்று விட்டதற்குக் காரணம், அங்கே அடுப்பும் இல்லை, டிராயரும் இல்லை. டப்பா எடுக்கப் போகிற வழி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜை அறைக்கு வெளியே டைனிங் பக்கம் தள்ளிவிட்டேன். தண்ணீர் பாட்டிலுக்கும் மோருக்கும் வருகிறவர்கள் அடுப்படிக்குள் கால் வைக்காமலே போய்விடுவார்கள்.

காகிதத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதெல்லாம் புத்தியில் ஏறாது. அதனால் தரையில் கோலமாவால் கோடு போடச் சொன்னேன். கோடு போட்டதும் அறை பெரிதாகத் தெரிந்தது. இது சரிப்பட்டு வராது என்று சைட்டில் கிடந்த ஹாலோ பிளாக்குகளை அடுக்கச் சொன்னேன். ஒரு கல் 8 இன்ச் உயரம். நான்கு கல் அடுக்கி அதன் மேல் சென்ட்ரிங் பலகையைப் போட்டால் ஏறக்குறைய 34 இன்ச், அச்சு அசலாக ஒரு மேடை. சிமெண்ட் பால் ஒட்டி, ஆணி நீட்டிக்கொண்டிருந்த பலகை. அதைச் சுற்றி நானும் என் கணவரும் இரண்டு காலிப் பெயிண்ட் வாளிகளோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க்கா, ரூமுக்கு நடுவால திண்ணை எதுக்குங்க்கா? கோயலாட்டம் சுத்திச் சுத்தி வாறதுக்குங்களா?”

அன்றிலிருந்து சைட்டில் அதற்குத் திண்ணை என்றே பெயர். எலக்ட்ரீஷியனும் “திண்ணைக்கு எத்தனை பாயிண்ட்ங்க?” என்றுதான் கேட்கிறார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதலில் நாங்கள் நினைத்த நீளம் 7 அடி. வாளியோடு நடந்து பார்த்தபோதுதான் சிங்கிலிருந்து மளிகை அலமாரிக்குப் போக எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. நடுவில் நிற்கிற எதுவும் குறுக்கு வழியை அடைக்கும். ஐந்தரை அடியாகக் குறைத்தோம். வீடு கட்டுகிறவர்கள் யாராயிருந்தாலும், கடைக்காரர் காட்டும் முப்பரிமாணப் படத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கல் அடுக்கும் வேலையைச் செய்துவிடுங்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு யோசிக்கிறவர்கள் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பார்க்கலாம்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். சமையலறை அமைப்பைப் பற்றிப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படுவது வேலை முக்கோணம். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் வருவது. ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையக் கூடாது, 9 அடியைத் தாண்டக் கூடாது, மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் சிறிய வீடுகளை ஆராய்ந்தவர்கள் பரப்பிய கணக்கு இது. அதற்கும் முன்பே, 1926இல், மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, நடையையும் அசைவையும் குறைத்துப் போட்ட வடிவம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று நாம் வாங்குகிற எல்லாவற்றுக்கும் முன்னோடி அதுதான்.

கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கணக்கிலும் சமைப்பவர் ஒரே ஒருவர். இரண்டிலும் மிக்ஸி இல்லை.

நம் வீட்டுக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, மிக்ஸி ஒருமுறை ஓடும். வதக்கி ஆறவைத்த தக்காளிச் சட்னிக்கு இன்னொரு முறை. மதியக் குழம்புக்குத் தேங்காயும் சோம்பும் அரைக்க வேண்டும். ரசத்துக்கு மிளகு சீரகம் நுணுக்கச் சின்ன ஜார். நடுநடுவே ஜாரைக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரைக் கீழே விடாமல் குழம்பில் ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜைக் காலையில் ஒருமுறை திறந்து தேவையானதையெல்லாம் மொத்தமாக வெளியே எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. ஓயாமல் நடப்பது அடுப்புக்கும் மிக்ஸிக்கும் சிங்குக்கும் நடுவில். அப்படியிருக்க நம் அடுப்படிகளில் மிக்ஸி எங்கே இருக்கிறது? பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே. மேடையின் கோடிமூலையில், தலைக்கு மேல் கப்போர்டு இடிக்க, மூடியைத் திறக்கக்கூடக் கையைத் தூக்க முடியாமல். சட்னி தெறித்த டைல்ஸ் எதுவென்று பாருங்கள், மிக்ஸி நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

எங்கள் அம்மாயி வீட்டில் விறகடுப்பு மூலையில் இருந்தது. அம்மாயி மூலையில் இருந்ததில்லை. அறை நடுவில் அரிவாள்மனையைப் போட்டு ஒரு காலை மடக்கி, ஒரு காலால் மனையை அழுத்தி உட்கார்ந்துகொள்வார். இடதுபக்கம் முறத்தில் முருங்கைக்கீரை, வலதுபக்கம் குண்டாவில் தண்ணீர். சின்ன வெங்காயம் உரிக்கிற சாக்கில் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் காதில் விழும். நின்று சமைக்கிற மேடை வந்ததில் முதுகுக்கும் முழங்காலுக்கும் நல்லதுதான் நடந்தது. கூடவே, சமைக்கிறவரைச் சுவரைப் பார்த்து நிற்கவும் வைத்துவிட்டது. கூடமாட உதவ வருகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்பதோடு சரி. அவருக்கு நிற்க இடமில்லை, பலகை வைக்கவும் இடமில்லை.

ஐலண்ட் என்று ஒன்று நம் வீட்டுக்கு வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து, இந்த வேலைகளுக்குத்தான் வேண்டும். அரைக்க, நறுக்க, கீரை ஆய, சப்பாத்தி தேய்க்க, தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்து துணியில் வரிசையாகப் போட. அடுப்புக்காக அல்ல.

அடுப்பை ஐலண்டில் வைக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. டிவியில் சமைக்கிறவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள், கேமராவைப் பார்த்து. வீட்டில் முதல் சிக்கல் புகை. சுவரோரம் இருக்கிற சிம்னிக்குப் பின்பக்கம் சுவர் தடுப்பாக நின்று புகையை மேலே அனுப்பும். நடுவில் தொங்கும் சிம்னிக்கு நாலா பக்கமும் திறந்தவெளி. ஜன்னல் காற்றோ, பக்கத்தில் ஓர் ஆள் நடந்த காற்றோ பட்டால் புகை ஒதுங்கிவிடும். அதனால் அது இன்னும் பெரிதாகவும் இன்னும் இழுவை உள்ளதாகவும் இருக்க வேண்டும். சுவர்ச் சிம்னிகளிலேயே நம் எண்ணெய்ச் சமையலுக்கு மணிக்கு 1200 கனமீட்டர் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்புறம் அந்தக் குழாய். கூரையை ஒட்டிப் படுக்கையாக வெளிச்சுவர் வரை ஓட வேண்டும். வழியில் பீம் வந்தால் கீழே இறங்கி ஏற வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும், குழாயை மறைக்க ஃபால்ஸ் சீலிங். குழாயே வேண்டாத, கரித்தூள் ஃபில்டர் வைத்த சிம்னி இருக்கிறதே என்பார்கள். வாசனையை ஓரளவு பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் அறைக்குள்ளேயே திருப்பி விடும். காய்ந்த மிளகாய் தாளிக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

இரண்டாவது சிக்கல் ஃபேன். இதை எந்த வெளிநாட்டுப் படத்திலும் பார்க்க முடியாது. அறை நடுவில் அடுப்பு என்றால் அறை நடுவில் ஃபேன் போட முடியாது, தீ அலையும், சிம்னியின் வேலையும் கெடும். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாத அடுப்படியில் நிற்கச் சொன்னால் ஐலண்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன? அடுப்பு சுவரோரம் போய்விட்டால் மேற்குப் பக்கம் தள்ளி ஒரு ஃபேன் போட்டுக்கொள்ளலாம். கீரை ஆய்கிறவருக்குக் காற்று வரும், தீ அலையாது.

மூன்றாவது கேஸ். வெளியே இருக்கிற சிலிண்டரிலிருந்து நடுமேடைக்குக் குழாய் போக வேண்டுமென்றால் டைல்ஸுக்குக் கீழேதான் போக வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போகாது, தாழ்வான இடம் தேடித் தங்கும். சுவரில் வெளியே தெரிகிற மாதிரி போகும் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி எப்போது வேண்டுமானாலும் கசிவு பார்க்கலாம். தரைக்குள் புதைத்ததை எப்படிப் பார்ப்பது? ஐலண்டுக்குள்ளேயே சிலிண்டரை வைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மூடிய பெட்டிக்குள் 14.2 கிலோ சிலிண்டர், அதன் மேல் அடுப்பு, எதிரில் ஸ்டூல் போட்டுக் குழந்தைகள். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. கடுகு வெடிப்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், 30 இன்ச் அகலமெல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை.

சிங்க்கையும் நான் நடுவில் வைக்கவில்லை. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். 40க்கு 1 என்று வைத்துக்கொண்டால் 10 அடி ஓட்டத்துக்கு 3 இன்ச் இறங்க வேண்டும். தரைத்தளத்தில் மண்ணுக்குள் அதைச் செய்துவிடலாம். மாடி வீடென்றால் அந்த இடத்தில் கான்கிரீட்டையே இறக்கிப் போட்டாலொழிய முடியாது, அபார்ட்மெண்டில் நினைத்தும் பார்க்க வேண்டாம். அடைத்துக்கொண்டால் டைல்ஸை உடைக்க வேண்டும் என்பது தனி. நம் வீட்டுச் சிங்க்கில் எந்நேரமும் ஒரு குக்கராவது ஊறிக்கொண்டிருக்கும். அதை டைனிங்கிலிருந்து பார்க்கிற மாதிரி நடுவீட்டில் வைப்பானேன்?

ஆக, திண்ணைக்குப் போவது கரண்ட் மட்டும். தரைக் கான்கிரீட்டுக்கு முன்பே இரண்டு பி.வி.சி. பைப், ஒன்று இப்போதைக்கு, ஒன்று காலியாக. மிக்ஸி 750 வாட்ஸ், 230 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்கும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியரை நெருங்கும், தண்ணீர் சுட வைக்கிற கெட்டில்கூட 6ஐத் தாண்டும். அதனால் இரண்டு 6 ஆம்பியரும் ஒரு 16 ஆம்பியரும் கேட்டிருக்கிறேன். மேலிருந்து எழும்பி வருகிற பாப்-அப் பிளக்கைக் கடையில் காட்டினார்கள். பார்க்க ஜோர். மாவும் தண்ணீரும் சிந்துகிற கல்லின் மேல் ஓட்டை போட்டு அதற்குள் கரண்ட் வைக்க எனக்குத் துணிவில்லை. பக்கவாட்டில், கல்லின் விளிம்புக்குக் கீழே ஒளிந்தாற்போல வைத்தால் போதும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும், ஈரக்கையோடு பிளக்கைத் தொடுகிற அறை இது. பைப் போட்டதும் பக்கத்தில் டேப்பைப் பிடித்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை இன்ச் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். ஃபோனில் மட்டும் வைக்காதீர்கள்.

உயரம். எல்லோருக்கும் ஒரே உயரம் என்று ஒன்றைக் கடையில் சொல்வார்கள். முழங்கையை மடக்கி நின்று, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 இன்ச் குறைத்தால் நறுக்குவதற்கு வாகான உயரம். ஐந்தடி இரண்டு இன்ச் ஆளான எனக்கு 34 வந்தது. அடுப்பு மேடை அதே 34 இருந்தால் என்ன ஆகும்? மேடை மேல் அடுப்பு, அடுப்பு மேல் இட்லிச்சட்டி, மூடியைத் திறந்தால் ஆவி நேராக முகத்தில். அதனால் அடுப்பு மேடையை 30இல் நிறுத்தினேன்.

கல் அடுக்கிப் பார்த்த அன்று அத்தையும் வந்திருந்தார்கள். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் நின்னுட்டேதான் செய்யோணுமா கண்ணு? நான் எங்க உக்கார்றது?” என்றார்கள். நான் படத்தில் காட்டிய உயரமான பார் ஸ்டூலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். மூட்டுவலிக்காரர் அதில் ஏறவும் முடியாது, ஏறினால் இறங்கவும் முடியாது. ஏற முடிந்தவர்களுக்கும் சேலையோடு அது ஒரு வித்தைதான். அதன் பிறகு டைனிங் பக்கம் பார்த்த முனையில், மேடையோடு ஒட்டினாற்போல இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு தாழ்ந்த பகுதி சேர்த்தோம். உயரம் 29 இன்ச், சாதாரண நாற்காலி போதும். கீழே டிராயர் கிடையாது, முழங்கால் நுழைய வெற்றிடம். அத்தை பூண்டு உரிக்க, மகன் வீட்டுப்பாடம் எழுத. சப்பாத்தி மாவு பிசையவும் தாழ்வான இடம்தான் வாகு, கையில் உடம்பு எடை இறங்கும். நான் எதிர்பார்க்காத லாபம் அது. இப்போது அந்த முழு அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முனைதான்.

வாஸ்து இல்லாமல் முடியுமா? அடுப்படி வீட்டின் தென்கிழக்கு, அடுப்பு கிழக்குச் சுவரில், சமைக்கிறவர் கிழக்கு பார்த்து. அதுவரை மாமாவுக்குத் திருப்தி. சிங்க் தெற்குச் சுவரில் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை, தண்ணீர் வடகிழக்கில் இருக்க வேண்டுமாம். பாத்திரம் கழுவுகிற வெளிக்கட்டும் கழிவுநீர்த் தொட்டியும் தெற்கில் இருக்கும்போது சிங்க்கை வேறெங்கும் நகர்த்த வழியில்லை. குடிதண்ணீர்க் குடமும் ஃபில்டரும் அறையின் வடகிழக்கு மூலையில் இருக்கட்டும் என்றதும் சமாதானமாகிவிட்டார். அறை நடுவில் பாரம் கூடாது என்று அடுத்து ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் அது அதோடு நின்றது.

கல்லைப் பற்றி. வெள்ளை குவார்ட்ஸ் கடையில் கண்ணைப் பறிக்கும். அது கல்தூளைப் பிசினில் கலந்து செய்வது. அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். மஞ்சள் கறை வேறு. கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தே வருகிறது. வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டர் சைஸ் பலகைகள் இரண்டிலிருந்து மூன்றடி அகலத்துக்குள் வரும், விலையும் மலிவு. ஐலண்ட் அதைவிட அகலமானால் நடுவில் ஜாயிண்ட் போட வேண்டும், இல்லையென்றால் பெரிய கேங்சா பலகை எடுக்க வேண்டும், விலை எகிறும். எங்கள் 30 இன்ச்சுக்குக் கட்டர் சைஸே போதும். 20 மில்லிமீட்டர்க் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. மேல்பலகை மட்டும் 70 கிலோ சுமக்க வேண்டும் என்பதால், பிளைவுட் பெட்டி மேல் கல்லை ஏற்றாமல் இரு முனையிலும் நடுவிலும் 4 இன்ச் சுவர் கட்டி, நடுவே கடப்பா பலகை. வெள்ளிக்கிழமைதோறும் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் பிளைவுட் அடிப்பாகம் ஊதிப்போகும். நீர் தாங்கும் 710 தர பிளைவுட் என்றாலும் தரையில் படாமல் இருப்பது நல்லது. மரம் டிராயருக்கு மட்டும். கல்லின் நான்கு முனைகளையும் வளைத்து உருட்டச் சொல்லிவிடுங்கள். கல் முனையின் உயரமும் ஓடுகிற குழந்தையின் நெற்றி உயரமும் ஒன்று.

அடுப்படியைத் திறந்து விடுவதா மூடுவதா என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. ஐலண்ட் என்றாலே ஹால் வரைக்கும் திறந்த சமையலறை என்று ஆகிவிட்டது. மலேசியாவில் ஈப்போவில் இருக்கிற அண்ணி வீட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சமையலறை. முன்னால் இருப்பது காபி, ரொட்டி, பழம் நறுக்க. மீன் பொரிப்பது, சம்பல் வதக்குவதெல்லாம் பின்னால். அங்கே இது பரவலான வழக்கம். எங்களுக்கு இரண்டு அறை கட்ட வசதியில்லை. டைனிங்குக்கும் அடுப்படிக்கும் நடுவில் தள்ளுகிற கண்ணாடிக் கதவு போட்டு, தாளிக்கும் நேரத்தில் மட்டும் மூடலாம் என்பது என் யோசனை. ஆனால் கதவின் தண்டவாளம் வருகிற இடத்துக்கும் அத்தையின் தாழ்ந்த மேசைக்கும் நடுவே மிஞ்சுவது நாலைந்து இன்ச்தான். நாற்காலியை இழுத்துப் போட்டால் கதவு மூடாது. கதவை டைனிங்குக்குள் ஓரடி தள்ளினால் ஃபிரிட்ஜ் உள்ளே வந்துவிடும்.

கூரைக் கம்பி கட்ட அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள். அதற்குள் திண்ணைக்கு மேலே இரண்டு விளக்குப் பாக்ஸும், ஒரு ஃபேன் பாக்ஸும் எங்கே என்று குறித்துக் கொடுக்க வேண்டும். விளக்கு, கல்லுக்கு மேலே 30 இன்ச்சிலிருந்து 36 இன்ச்சுக்குள் தொங்கினால் கண் கூசாது, நறுக்குகிற கையின் மேல் நிழலும் விழாது. ஃபேன் இறக்கை அந்த விளக்குக் கம்பியில் இடிக்கக் கூடாது. 48 இன்ச் ஃபேன் என்றால் நடுவிலிருந்து சுற்றிலும் இரண்டடி விட வேண்டும். கணவர் கதவை மறந்துவிடச் சொல்கிறார், நான் விளக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளத் தயார். கோலமாவுக் கோடு மழையில் கரைந்துவிட்டது, சனிக்கிழமை மறுபடி போட வேண்டும்.